பாட்டரியின் மீது பழி போடாதீர்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை பெறுபவன் மற்றொருவன். இக்கொடுமை நாட்டு நடப்பில் மட்டுமன்று, நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் அன்றாடம் நடக்கிறது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதுவே உண்மை. வண்டி காலையில் கிளம்ப மறுக்கிறது. "பாட்டரி போச்சு" என்கிறோம். கடைக்கு ஓடுகிறோம். புதியது வாங்கி மாட்டுகிறோம். நான்கு மாதம் கழித்து மீண்டும் அதே கதை. பாட்டரி உண்மையில் செத்துத்தான் போயிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கொன்றது யார் என்று நாம் கேட்பதில்லை. பிணத்தையே கொலையாளி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். காரணம், நானும் அப்படித் தவறான தீர்ப்பு எழுதியவன். அந்தத் தீர்ப்பின் செலவைக் கட்டியவர் என் தந்தையார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. என் தந்தையார் கொள்ளிடத்திற்கு வடக்கே எங்கள் ஊரில் விடியற்காலையில் பால் கறவை முடிந்ததும், இரண்டு கேன்களை மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கட்டிக்கொண்டு, பாலத்தைக் கடந்து திருச்சியில் உள்ள தேநீர்க் கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். அந்த வண்டி ஓடினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். நான் செலுத்தும் தேர்வுக் கட்டணமும் அந்த வண்டியிலிருந்து வருவதே.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் முதல் பாட்டரி போயிற்று. புதியதற்கு 1,250 ரூபாய். ஐப்பசியில் அதுவும் போயிற்று. உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். "வண்டியில் சார்ஜ் ஏறவில்லை, அதனால் கெட்டிருக்கிறது, இதற்கு உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். மீண்டும் 1,250 ரூபாய். மார்கழியில் மறுபடியும் செல்ஃப் பட்டனை அழுத்தினால் "டிக், டிக்" என்ற ஓசை மட்டுமே வந்தது. அப்போதுதான் நான் மேடை ஏறினேன். இயற்பியல் படிக்கும் பிள்ளை அல்லவா? வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். எங்கோ கேட்டதை நினைவில் கொண்டு, "ரெகுலேட்டர் போய்விட்டது" என்று அறிவித்தேன். தந்தையார் மறுபேச்சுப் பேசவில்லை. கடைக்காரர், "பட்டறையில் காட்டினீர்களா?" என்று கேட்டதற்கு, "எம் பையன் சொல்லிட்டான், அவன் இதைத்தான் காலேஜில படிக்கிறான்" என்று 850 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அவர் குரலில் இருந்த பெருமிதம் இன்றும் என்னைச் சுடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், புதிய ரெகுலேட்டரை மாட்டியதும் வண்டி இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. நான் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். தை மாதம் ஒரு நாள் விடியற்காலை, கொள்ளிடம் பாலத்தின் நடுவே நழுவிய கேனை இறுக்கிக் கட்ட வண்டியை நிறுத்தினார் தந்தையார். அதன்பின் வண்டி கிளம்பவில்லை. எரிபொருளை மின்சாரப் பம்பு கொண்டு பீய்ச்சும் புதுமுறை வண்டி அது. பாட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் உதைத்தாலும் உயிர் வருவது அரிது. 40 லிட்டர் பாலோடு பாலத்தின் பாதி தூரத்தைத் தள்ளிக்கொண்டே கடந்தார். கடைகள் வேறு இடத்தில் பால் வாங்கிக்கொண்டன. வெயில் ஏறியதும் மிச்சமிருந்த பால் திரிந்து போயிற்று. அன்று மாலை அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ!

புளியமரத்தடிப் பாடம்

எங்கள் ஊர் முக்கில் புளியமரத்தடியில் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, புது ரெகுலேட்டர் போட்டும் சார்ஜ் ஏறவில்லை" என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"ரெகுலேட்டர் போயிருச்சுன்னு அளந்து பாத்தியா தம்பி, இல்ல நெனச்சுப் பாத்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அவர் ஒரு பழைய மல்டிமீட்டரை எடுத்தார். மின் இணைப்பு கொடுத்துப் பாட்டரிக்குக் கொஞ்சம் உயிரேற்றி, இஞ்சினைக் கிளப்பி, வேகத்தைச் சற்றுக் கூட்டினார். பாட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வைத்தார்: 12.7 வோல்ட். பின்னர் ரெகுலேட்டருக்குப் போனார். அதிலிருந்து வெளிவரும் நேர்முனைக் கம்பிக்கும் அதன் எர்த் கம்பிக்கும் இடையே வைத்தார்: 14.3 வோல்ட். ரெகுலேட்டர் பழுதின்றி முழு மூச்சுடன் வேலை செய்துகொண்டிருந்தது! அப்படியானால் நடுவில் காணாமற்போன 1.6 வோல்ட் எங்கே? நேர்முனைக் கம்பியின் இரு கோடிகளிலும் மீட்டரை வைத்தார்: 0.1 வோல்ட். ரெகுலேட்டரின் எர்த் கம்பிக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வைத்தார்: 1.5 வோல்ட். "இங்கதான் திருடன் இருக்கான்" என்றார்.

எர்த் கம்பியின் வளையம் வண்டிச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்த போல்ட்டைக் கழற்றினார். வளையத்தின் அடியில் பச்சையும் பழுப்புமாகக் களிம்பும் துருவும். மேலே இருந்த கேனிலிருந்து ஒழுகிய பாலும், அதைக் கழுவிய நீரும் நாள்தோறும் அந்த இடத்தில்தான் சொட்டியிருக்கின்றன. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினார். மீண்டும் பாட்டரி முனைகளில் அளந்தார்: 14.1 வோல்ட். கூலி 50 ரூபாய் போதும் என்றார்.

நான் அங்கேயே நின்று மனத்துள் கூட்டிப் பார்த்தேன். 12.7, 1.5, 0.1. மொத்தம் 14.3. ஒரு மூடிய சுற்றில் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை பற்றிய கிர்ச்சாஃப் விதியை நான் பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன்; முதலாண்டில் கணக்குப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த விதி எங்கள் வீட்டு வாசலில் ஆறு மாதமாக எங்கள் பணத்தைத் தின்றுகொண்டிருந்ததை நான் அறியவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்போடு, "இதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். பேர் அறிந்தவன் நான். பொருள் அறிந்தவர் அவர்.

ரெகுலேட்டரை மாற்றியபின் இரண்டு வாரம் வண்டி ஓடியதன் மர்மமும் அப்போது விளங்கியது. ரெகுலேட்டரை மாட்டும்போது அந்தப் போல்ட்டையும் கழற்றி மாட்டினோம். உரசலில் துரு சற்றே விலகித் தற்காலிகமாக இணைப்புக் கிடைத்தது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் முன்னது காரணம், பின்னது விளைவு என்று நான் முடிவு கட்டினேன். மூடநம்பிக்கை பிறப்பதும் இப்படித்தான் அல்லவா? பூனை குறுக்கே போனதால் காரியம் கெட்டது என்பவரைப் பார்த்துச் சிரிக்கும் விஞ்ஞான மாணவன், ரெகுலேட்டரை மாற்றியதால் வண்டி ஓடுகிறது என்று நம்பினேன்.

உள்ளே நடப்பது என்ன?

கலைப்பிரிவு நண்பர்களும் அறிந்துகொள்ளுமாறு சுருக்கமாகச் சொல்கிறேன். இஞ்சின் சுழலும்போது அதனோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரமும் சுழல்கிறது. அதன் உள்ளே அசையாமல் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளைப் பட்டறைகளில் 'காயில்' என்பார்கள். காந்தம் சுழலச் சுழலச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுவே. பாட்டரிக்கோ ஒரே திசையில் பாயும் மின்னோட்டம் வேண்டும். எனவே ரெக்டிபயர் அதை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. ரெகுலேட்டர் மின்னழுத்தம் அளவு மீறாமல் காக்கிறது. இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் பொதுவாக 'ரெகுலேட்டர்' என்றே சொல்லிவிடுகிறோம்.

12 வோல்ட் பாட்டரி என்பது ஆறு சிறு கலங்களின் கூட்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆகவே முழுதும் ஏறிய பாட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். மேட்டிலிருந்துதான் பள்ளத்துக்கு நீர் பாயும். அதுபோலப் பாட்டரிக்குள் மின்னோட்டம் ஏற வேண்டுமானால் வெளியே உள்ள மின்னழுத்தம் அதைவிட உயர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இஞ்சின் வேகமாக ஓடும்போது இது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது இதனால்தான். 12.7 வோல்ட் என்பது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடில்லாத வாய்க்கால். நீர் தேங்குமே தவிரப் பாயாது.

அந்தத் துருவின் மின்தடை எவ்வளவு? வண்டியின் விளக்கு, பம்பு முதலியவற்றின் வழியாக ஏறத்தாழ 5 ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால், ஓம் விதிப்படி 1.5-ஐ 5-ஆல் வகுக்க 0.3 ஓம். ஓர் ஓம்கூட இல்லை! வண்டியை நிறுத்திவிட்டு மின்தடையை அளந்திருந்தால், மீட்டரின் கம்பிகளிலேயே அந்த அளவு பிழை இருந்திருக்கும். "எர்த் நன்றாக உள்ளது" என்று தவறாக முடிவு செய்திருப்போம். மின்னோட்டம் ஓடும்போது மின்னழுத்த இழப்பை அளந்ததாலேயே திருடன் அகப்பட்டான். 1.5 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 7.5 வாட் வெப்பம் அந்தப் போல்ட்டில் வீணாகிறது. ஓடி நின்ற வண்டியில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் விரலே சொல்லியிருக்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர வாகனங்களில் இஞ்சின் ஓடும் வரை முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும் என்பது விதி. விபத்தைக் குறைக்கும் நல்ல விதிதான். ஆனால் 12 வோல்ட்டில் 35 வாட் விளக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர் கேட்கும். பழைய வண்டியில் பகலில் விளக்கை அணைத்துச் சமாளிக்க முடிந்தது. புதிய வண்டியில் அந்தச் சலுகை இல்லை. சார்ஜ் ஆகும் வழியில் சிறு குறை இருந்தாலும் அது உடனே பாட்டரியின் தலையில் விடிகிறது. குறையாகவே ஏறிக் குறையாகவே கிடக்கும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிப்போகிறது. பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அது மீள்வதில்லை. எங்கள் இரண்டு பாட்டரிகளும் இப்படித்தான் மாண்டன. ஈயம் நஞ்சு என்பதையும், மாற்றிய ஒவ்வொரு பாட்டரியும் எங்கோ ஓரிடத்தில் உடைக்கப்படுகிறது என்பதையும் நினைத்தால், இது வெறும் 1,250 ரூபாய் விஷயமும் அன்று.

முறை என்று ஒன்று உண்டு

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தணிக்கும் வழியறிந்து மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் வகுத்த முறை. அதே வரிசை வண்டிக்கும் பொருந்தும். நான் பட்டறையிலும் பின்னர் நூல்களிலும் கற்றதை நண்பர்களின் பயன் கருதி வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது: இரவு முழுதும் ஓய்ந்திருந்த வண்டியில் பாட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைவு, 12.2 ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறுமை. குறைந்திருந்தால் வெளியே முழுதாக ஏற்றிவிட்டுத்தான் மேலே சோதிக்க வேண்டும். முழுதும் ஏற்றியும் செல்ஃபை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கும் மிகக் கீழே சரிந்தால் பாட்டரியே நலிந்துவிட்டது எனலாம்.

இரண்டாவது: இஞ்சினை ஓடவிட்டு, வேகம் கூட்டி, மீண்டும் பாட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.5-க்கும் 14.5-க்கும் இடையே நின்றால் சார்ஜ் ஆகிறது, குறை வேறெங்கோ. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கக்கூடும்; பாட்டரி கொதித்து உப்பிவிடும். வேகம் கூட்டியும் ஏறவில்லை என்றால் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது: இஞ்சின் ஓடும்போதே, விளக்கு எரியும்போதே, நேர்முனை வழியிலும் எர்த் வழியிலும் மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் எங்கு கண்டாலும் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பியூஸ் கூடு, கப்ளர், எர்த் போல்ட் ஆகிய மூன்றுமே இங்கு முதல் சந்தேகத்திற்குரியவை. கருகிய கப்ளர் கண்ணுக்கே தெரியும். செலவில்லாத இந்தப் படியைத்தான் நம்மில் பலர் தாண்டிச் செல்கிறோம்.

நான்காவது: காயிலிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்து, மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இஞ்சின் வேகத்தோடு அது சீராக உயர வேண்டும். மூன்று கம்பிகள் வரும் வண்டிகளில் எந்த இரண்டு கம்பிகளுக்கு இடையேயும் ஒரே அளவு காட்ட வேண்டும். இஞ்சினை நிறுத்தி அளந்தால் எந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சில சிறிய வண்டிகளில் சுருளின் ஒரு முனை எர்த்தோடு இணைந்திருப்பதே அமைப்பு. அதற்கு அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது: இவை அனைத்தும் சரியாக இருந்து, ரெகுலேட்டரின் வாயிலிலேயே மின்னழுத்தம் குறைவாக இருந்தால் மட்டுமே ரெகுலேட்டரைக் குறை சொல்லலாம். நான் முதலில் சொன்னது, கடைசியில் சொல்ல வேண்டிய சொல்!

எச்சரிக்கையும் வேண்டும். மல்டிமீட்டரை ஆம்பியர் அளவையில் வைத்துப் பாட்டரியின் இரு முனைகளில் நேராக வைத்தால் அது குறுக்குச் சுற்றாகிவிடும். இஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும் கூடாது. மின்னழுத்தம் எகிறி மற்றப் பாகங்களைக் கெடுக்கும். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது இறுதியிலும் தொட வேண்டும். ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும்; அருகில் தீப்பொறி ஆகாது.

நம் ஆய்வகத்தில் குறை என்ன?

இனி என் கருத்துக்கு வருகிறேன். மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்கள் இதைக் குறையாகக் கொள்ளாமல், மாணவன் ஒருவனின் மனக்குரலாக ஏற்க வேண்டுகிறேன்.

நம் ஆய்வகத்தில் மீட்டர் சமனச் சுற்று இருக்கிறது, மின்னழுத்தமானி இருக்கிறது, கேரி பாஸ்டர் சமனச் சுற்று இருக்கிறது. எல்லாம் நல்ல கருவிகள். ஆனால் அங்கே செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் விடை முன்கூட்டியே தெரியும். சென்ற ஆண்டு அண்ணன்மார் எழுதிய ரெக்கார்டு நோட்டு விடுதி அறையில் கிடைக்கும். நம் அளவீடு விடைக்கு ஒத்து வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? மீண்டும் அளக்கிறோமா? இல்லை, அளவீட்டைத் திருத்துகிறோம். நானும் திருத்தியிருக்கிறேன். அப்படித் திருத்திப் பழகிய கைதான், அளக்காமலே "ரெகுலேட்டர் போய்விட்டது" என்று தந்தையாரிடம் சொன்னது. விடையைத் தெரிந்துகொண்டு வினாவுக்குப் போகும் பழக்கம் ஆய்வகத்தில் ஒரு மதிப்பெண்ணைத் தரலாம். வாழ்க்கையில் அது 40 லிட்டர் பாலைக் கவிழ்த்துவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஒரு மோட்டார் சைக்கிளின் காந்தச் சக்கரம், காயில், ரெகுலேட்டர், ஒரு பாட்டரி, ஒரு விளக்கு ஆகியவற்றை ஒரு மரப்பலகையில் பொருத்தி, சிறு மின்மோட்டாரால் சுழற்றும்படி நம் ஆய்வகத்தில் அமைக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஆசிரியர் அதில் ஒரு குறையை மறைத்து வைக்கட்டும்: ஒரு வாரம் தளர்ந்த எர்த், மறு வாரம் கருகிய கப்ளர், பிறிதொரு வாரம் குறையே இல்லாமலும் இருக்கட்டும்! மாணவர்கள் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடிக்கட்டும். விடைக்கு மதிப்பெண் குறைவாகவும், எந்த வரிசையில் அளந்தார்கள், எதை எதனால் விலக்கினார்கள் என்பதற்கு மதிப்பெண் மிகுதியாகவும் இருக்கட்டும். பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை நம் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் இயற்பியல் மன்றம் நம் கையில்தானே இருக்கிறது? வாரத்திற்கு ஒரு மாலை போதும். வரலாறும் வணிகவியலும் படிக்கும் நண்பர்களும் வரட்டும். அவர்கள் வீட்டிலும் வண்டி உண்டு. அதை நம்பிப் பிழைக்கும் தந்தையார் உண்டு.

மன்ற விழாவுக்கு ஆண்டுதோறும் அறிஞர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். ஓர் ஆண்டு, ஒரு பட்டறைக்காரரையும் அழைப்போம். அவர் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். குறையுள்ள வண்டி ஒன்றை நம் முன் நிறுத்தி, அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைக் காட்டினால் போதும். அவர் செய்வதற்கு நாம் பெயர் சொல்லிக் கொடுப்போம். இரு தரப்பாரும் இலாபம் அடைவோம்.

இரண்டு மறுப்புகள்

"இது தொழிற்பயிற்சி நிலையம் அன்று, விஞ்ஞானக் கல்வி வேறு, கைத்தொழில் வேறு" என்று சிலர் கூறலாம். அவர்களை வணங்கிக் கேட்கிறேன்: பாரடே யார்? கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். முறையான கல்வி மிகக் குறைவாகவே பெற்றவர். கடைக்குக் கட்ட வந்த நூல்களைப் படித்து அறிவு வளர்த்து, 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, பிறகு உலகிற்கே மின்சாரம் உண்டாக்கும் வழியைக் காட்டினார். அவருடைய கைக்கும் மூளைக்கும் இடையே சுவர் இருந்ததில்லை. நம் கோவையின் ஜி.டி. நாயுடு அவர்களின் கதையும் நாம் கேட்டதுதான். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். அவர்கள் கையால் தொட்டு அறிந்ததை நாம் கரும்பலகையில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்கிச் செல்வது முறையா?

"இனி எல்லாம் மின்சார வண்டி, காயிலும் காந்தமும் சில ஆண்டுகளில் காட்சிப்பொருளாகிவிடும்" என்பது இரண்டாவது மறுப்பு. ஆகட்டும். ஆனால் மின்சார வண்டியிலும் பாட்டரி உண்டு, கம்பி உண்டு, இணைப்பு உண்டு, துருவும் உண்டு. கருவி மாறும், ஒன்றை விட்டு ஒன்றை விலக்கிக் காரணத்தை நெருங்கும் முறை மாறாது. நான் கேட்பது மோட்டார் சைக்கிள் பாடம் அன்று. அந்த முறையின் பாடம்.

இறுதியாக

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம்மைப் போன்றோருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. நம் வீட்டில் நம் சொல்லைத் திருத்த ஆளில்லை. "படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறார்கள். வண்டி, வங்கிக் கடன், மருந்துச் சீட்டு, தங்கையின் மேற்படிப்பு, எதுவானாலும் நம்மிடம்தான் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை மிகப் பெரிய செல்வம். மிகப் பெரிய அபாயமும் அதுவே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தெரிந்ததாக நினைப்பதை அளந்து பார்த்தபின் சொல்லவும் நாம் பழகாவிட்டால், நாம் பெறும் பட்டம் நம் வீட்டாருக்கே பாரமாகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் 350 ரூபாய்க்கு வாங்கிய ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. ஞாயிறுதோறும் கேன்களை இறக்கி வைத்தபின் தந்தையார் வண்டியைக் கிளப்பிவிட்டு, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். சில வாரங்களாக அவரே மீட்டரை வாங்கித் தாமே பார்க்கிறார். நான் சொன்னதை அப்படியே நம்பியவர், இன்று தாமே அளந்து பார்க்கிறார். என் படிப்பினால் எங்கள் வீட்டிற்கு விளைந்த முதல் நன்மை இதுதான் என்பேன்.

நம் ஆய்வகத்திலும் அப்படி ஒரு பலகை விரைவில் அமையட்டும். அடுத்த ஆண்டு மலரில், அதில் மறைந்திருந்த குறையை முதலில் கண்டுபிடித்த மாணவரோ மாணவியோ தம் அனுபவத்தை எழுதட்டும். அதுவரை, தோழர்களே, வண்டி கிளம்பவில்லை என்றால் பாட்டரியின் மீது பழி போடாதீர். முதலில் அளந்து பாருங்கள்!